பெயரை மாற்றினால் உழைப்பு மாறுமா?

பிறையிலும் புக்கிட் தெங்காவிலும் தொழிற்சாலைகளில் காசு போட்டால் பானம் தரும் இயந்திரங்கள் நிற்கின்றன. அவை பழுதுபட்டால் விரைந்து வந்து திருத்தும் இளைஞர் தொழிலாளியா, வணிகரா? பலரிடம் நீட்டப்படும் தாளில் 'சேவைக் குத்தகையாளர்' என்றிருக்கும். சட்டை நிறுவனத்தினுடையது, நேரம் நிறுவனம் குறிப்பது, உதிரிப்பாகம் நிறுவனம் தருவது. ஆயினும் முதலாளியின் சேமநிதிப் பங்கில்லை, சொக்சோ பங்கில்லை, மருத்துவ விடுப்பில்லை. கம்பிரசரைத் தூக்கிக் கைமுறிந்தால் நட்டம் அவருடையதே!

"விரும்பித்தானே கையொப்பமிட்டார்?" என வினவுவோர் உளர். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளைச் சேர்ப்பது 1910இல் நிறுத்தப்பட்டதே, அவர்களும் தாளில் கைநாட்டு வைத்தவர்கள்தாம். வேறு வழியற்றவனின் ஒப்பத்தைச் சம்மதம் என்பது அறமாகாது.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் திருத்தம் 1.1.2023இல் நடப்புக்கு வந்தது. எழுத்துமூல வேலை ஒப்பந்தம் இல்லாவிடத்தும், வேலைமுறையையும் நேரத்தையும் கட்டுப்படுத்துவது யார், கருவி வழங்குவது யார் என்பன போன்ற அடையாளங்களைக் கொண்டு, மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை அவரைத் தொழிலாளி என்றே கொள்ள அதன் 101சி பிரிவு வழிசெய்கிறது. சட்டம் நோக்குவது பெயரையன்று, உண்மை உறவையே.

இளைஞர்களே! கையொப்பமிடுமுன் தாளைப் படியுங்கள். ஐயமிருப்பின் தொழிலாளர் இலாகாவின் கதவைத் தட்டுங்கள். முதலாளிகளே! இயந்திரத்திற்கு உத்தரவாதச் சீட்டு உண்டு. அதைத் திருத்தும் மனிதனுக்கு மட்டும் உத்தரவாதம் வேண்டாவோ?