நாலரை மணிக்குள் ஊசி!

வாய் ஒரு பக்கம் கோணுகிறது. ஒரு கை தூக்க வரவில்லை. பேச்சு குழறுகிறது. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் ஒரு வீட்டில் இப்படி நேர்ந்தால் என்ன செய்கிறார்கள்? "அசதியா இருக்கும், படுங்க. காலைல பாத்துக்கலாம்" என்கிறார்கள். அடுத்த வீட்டுக்காரர் புறா ரத்தம் தேய்க்கச் சொல்கிறார். (புறாதான் பாவம்!)

பக்கவாதத்தில் பெரும்பாலானது மூளைக்குப் போகும் ரத்தக் குழாயைக் கட்டி அடைப்பதால் வருவது. அந்தக் கட்டியைக் கரைக்க ஊசி மருந்து உண்டு. ஆல்ட்டிப்ளேஸ் என்று பெயர். அமெரிக்காவில் 1996-ல் இதற்கு அனுமதி கிடைத்தது. அப்போது கெடு 3 மணி நேரம். 2008-ல் வெளியான ஐரோப்பிய ஆராய்ச்சிக்குப் பிறகு கெடு நாலரை மணியாக நீண்டது. இது ஒரு மணி நேரம் ஏற வேண்டும். டெனெக்டிப்ளேஸ் என்ற இன்னொரு மருந்தோ ஒரே ஊசியில் முடிந்துவிடும்.

கெடு ஆஸ்பத்திரி வாசலை மிதித்த நேரத்திலிருந்து அல்ல. நோய் தாக்கிய நேரத்திலிருந்து! தூக்கத்தில் வந்தால், கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைத்தான் டாக்டர் கேட்பார். அதைக் குறித்து வையுங்கள்.

ஸ்கேன் எடுக்காமல் ஊசி போட முடியாது. குழாய் வெடித்து ரத்தம் கசிவதாலும் வாதம் வரும். அவருக்கு இந்த மருந்து எமன். அதனால்தான் வீட்டில் ஆஸ்பிரின் கொடுப்பதும் ஆபத்து. சரியான நோயாளிக்கே நூற்றில் சிலருக்கு மூளையில் ரத்தம் கசிவதுண்டு. அதற்காக பயந்து உட்கார்ந்தால் கை கால் போய்விடும்.

ஸ்கேன் இல்லாத கிளினிக்கில் குளுகோஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தால் பாதி நேரம் அங்கேயே கரையும். பிறகு, "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்பார்கள். ஆவடியிலிருந்து சென்ட்ரல் எதிரே உள்ள பெரியாஸ்பத்திரி சுமார் 20 கிலோமீட்டர். சாயங்கால நெரிசலில் பாடியைத் தாண்டியவர்களுக்கு அந்த தூரம் தெரியும்!

108-க்குப் போன் செய்து, "பக்கவாதம்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஜனங்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான். மீதி சர்க்கார் பொறுப்பு. ராத்திரியிலும் ஸ்கேன், ஊசி மருந்து, டாக்டர் மூன்றும் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது? சுகாதாரத் துறை பட்டியல் போட்டு, ஆவடி, அம்பத்தூர் ரயில் நிலையங்களிலும் பூந்தமல்லி பஸ் நிலையத்திலும் பெரிய எழுத்தில் போர்டு வைக்கட்டும். ஆயிரக்கணக்கில் விலையுள்ள இந்த மருந்துக்கு ஏழையிடம் முன்பணம் கேட்டு நேரத்தைக் கடத்தக் கூடாது என்றும் உத்தரவு போடட்டும்.