மீதி 11 மாதம்?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பெண் பிள்ளை பந்தை உதைத்தால், "இது சோறு போடுமா?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

பக்கத்துக் கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் (1993 வரை எல்லாமே ஒரே தென்னாற்காடு மாவட்டம்தானே!) இந்திய அணிக்காக ஆடிய நடுக்கள வீராங்கனை. 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என வீழ்த்தி, இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்ற மதுரை சேது எஃப்.சி.யில் ஆடியவர். ஆனால் அந்தத் தொடர் அதே மாதத்தில் தொடங்கி, அதே மாதத்தில் முடிந்துவிட்டது.

மீதி 11 மாதம் வீட்டு அரிசிக்கு? தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர் வேலை! 2020 ஊரடங்கில் சென்னைச் சாலையில் காக்கி உடுப்பில் நின்றார். 2022 ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியிலும் இடம்பிடித்தார். அந்த அணியைப் போட்டியிலிருந்து வெளியேற்றியதும் அதே கொரோனாதான்.