மார்கழிக்கு ஒரு பூசணிப்பூப் போர்வை



கார்த்திகை கழிந்து மார்கழி எட்டிப் பார்க்கும்போதே எங்கள் ராஜபாளையத்தில் விடியற்காலைக் காற்று மாறிவிடும். மேற்கே மலை சுவர் மாதிரி நிற்கிறது அல்லவா? நீர்காத்த அய்யனார் கோவிலுக்குப் போகிற சாலையை ஒட்டிக் குடியிருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். பின்னிரவிலோ ஜன்னலைச் சாத்தினாலும் குளிர் விடாது.

அந்தச் சாலையிலிருந்துதான் ஒரு இளம் தாய் எனக்கு எழுதியிருக்கிறார். அவர் கடிதத்திலிருந்தே கொஞ்சம் தருகிறேன்:

"அக்கா, ஆவணியில எங்க அத்தை காலமாயிட்டாங்க. பேத்தியை மூணு மாசம்தான் கொஞ்ச முடிஞ்சுது. அவங்க கட்டின நூல் சேலை ஆறு இரும்புப் பெட்டியில இருக்கு. அதுல பிள்ளைக்குப் பனிக்கு ஒரு ஒட்டுப் போர்வை தைக்கணும்னு ஆசை. எங்க நாத்தனார், 'செத்தவங்க சேலையில கத்தரி வைக்காதே'ங்கறாங்க. இவரு வாயே திறக்கல. பிள்ளைக்கு இப்போ ஏழு மாசம். நான் என்ன செய்யட்டும்?"

இந்தக் கடிதத்தில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று சேலை, இன்னொன்று குழந்தை. இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டுத் தையலுக்கு வருகிறேன்.

முதலில் சேலை

யாருக்கும் தெரியாமல் பெட்டியைத் திறந்து வெட்டிவிட வேண்டாம், தங்கையே. நாத்தனாரும் கணவரும் இருக்கிற ஒரு நாளில் திறங்கள். முதல் உரிமை மகளுக்கு. அவர் விரும்பும் சேலையை முழுசாக எடுத்துக்கொள்ளட்டும். பிறகு கணவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்தச் சேலையில கத்தரி படக்கூடாது?" பேசாத ஆண்பிள்ளையும் அதற்கு ஒன்றைக் கை காட்டுவார். அதை அப்படியே மடித்து வையுங்கள். மிச்சம் இருப்பது போதும்.

நாத்தனாரிடம் வாதம் செய்யாதீர்கள். நம் வீடுகளில் பெரியவர்களின் பழஞ்சேலை எதற்கெல்லாம் பயன்பட்டது என்று பேச்சுவாக்கில் நினைவூட்டுங்கள். பிறந்த குழந்தையைப் பாட்டியின் பழைய நூல் சேலையில்தானே சுற்றி எடுத்தோம்? தூளி கட்டியதும் அதில்தானே? துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணியைப் போலப் பச்சைக் குழந்தையின் தோலுக்கு இதமானது வேறு ஏது?

கிழிந்ததை ஒட்டித் தைப்பது தரித்திரம் என்று நினைப்பவர்களும் உண்டு. வங்காளத்தில் பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டத் தையல் போட்டதுதான் உலகப் புகழ் பெற்ற 'காந்தா'. வட கர்நாடகத்தில் அதே வேலைக்குக் 'கவுதி' என்று பெயர். உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் 'கவந்த்' என்று பெயர். அவர்களின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். போர்வையின் மூலைகளில் மடித்த துணியால் ஒரு பூ வைக்காவிட்டால் வேலை முடிந்ததாக அவர்கள் ஒப்புவதில்லை. நம் பக்கத்தில் தேருக்குத் தொங்கவிடும் தொம்பையைப் பாருங்கள். வண்ணத் துணிகளை வெட்டி ஒட்டித் தைத்த வேலைதானே அது? சுவாமிக்கு ஆகும் வேலை பேத்திக்கு ஆகாதா?

இவ்வளவு சொல்லியும் நாத்தனாரின் மனசு ஆறவில்லை என்றால், இந்த மார்கழியை விட்டுவிடுங்கள். சேலை எங்கும் போய்விடாது.

அடுத்து குழந்தை

இதைக் கவனமாகப் படியுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தையைத் தூங்க வைக்கும்போது போர்வை, தலையணை, மெத்தென்ற துணி எதுவும் அதன் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பதே இன்றைய குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. தூக்கத்தில் துணி முகத்தில் விழுந்தால் அதை விலக்கிக்கொள்ளக் குழந்தைக்குத் தெரியாது. மூச்சு முட்டும். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, குளிருக்கு உடுப்பில் ஒன்றைக் கூட்டுங்கள். அது போதும்.

அப்படியானால் போர்வை எதற்கு? இந்த மார்கழிக்கு அது விரிப்பு. பகலில் சில்லென்ற தரையில் விரித்து, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது குழந்தையைக் குப்புற விட்டுத் தவழ விடுங்கள். அடுத்த மார்கழியில் அவளுக்கு ஒன்றரை வயது தாண்டியிருக்கும். அப்போது அதுவே போர்வை.

இன்னொன்று. பெட்டியில் பாச்சை உருண்டை போட்டிருந்தார்களா? அதில் இருக்கும் நாப்தலின் சில குழந்தைகளுக்கு ஆகவே ஆகாது. பிறவியிலேயே ரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, அந்த வாடை ஏறிய துணியால் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரலாம். வாடை அறவே போகும்வரை அலசி, பல நாள் வெயிலில் காற்றாடப் போடுங்கள். போகவில்லையா? அந்தச் சேலையைக் குழந்தைக்கு எடுக்காதீர்கள்.

நம் பனிக்கு ஏற்ற பூ

மேல்நாட்டுத் தையல் புத்தகங்களில் குளிர்காலக் கட்டம் என்றால் வெள்ளைப் பனிச் சில்லும் ஊசியிலை மரமும்தான். நமக்கு அது எதற்கு? நம் குளிர்காலம் வாசலில் இருக்கிறது. இருட்டுப் பிரியாத நேரம், வெள்ளைக் கோலம், நடுவில் சாணி உருண்டையில் செருகிய மஞ்சள் பூசணிப்பூ. பக்கத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் பிறந்த ஊரில் மார்கழி என்றால் வாசலுக்கு வாசல் கோலம்தான். அந்த மூன்று நிறத்தையே எடுத்துக்கொள்வோம்: கருநீலம் விடியலுக்கு, வெள்ளை கோலத்துக்கு, மஞ்சள் பூவுக்கு. கருநீலம் இல்லை என்றால் கரும்பச்சையோ அரக்கோ போதும். மேல்நாட்டார் வெகுகாலமாகத் தைத்துவரும் எட்டு முனை நட்சத்திரக் கட்டம்தான் இது. நம் கையில் பூவாகிவிடும்.

தேவையானவை (ஒரு கட்டத்துக்கு)

கருந்துணி: 4 அங்குலச் சதுரம் நான்கு, 3½ அங்குலச் சதுரம் நான்கு.
மஞ்சள் துணி: 4 அங்குலச் சதுரம் நான்கு.
வெள்ளைத் துணி: 6½ அங்குலச் சதுரம் ஒன்று.

தைத்து முடித்தால் ஒரு கட்டம் 12 அங்குலம். வரிசைக்கு மூன்றாக நான்கு வரிசை, ஆகப் பன்னிரண்டு கட்டம் வைத்து, சுற்றிலும் 2 அங்குலக் கரை கொடுத்தால் 40 அங்குல அகலம், 52 அங்குல நீளம். பிள்ளை பள்ளிக்கூடம் போகும்வரை போர்த்தலாம். பன்னிரண்டு கட்டத்துக்கும் சேலை அகலத்தில் கருந்துணி ஒரு மீட்டர், மஞ்சள் முக்கால் மீட்டர், வெள்ளை அரை மீட்டர் எடுத்தால் தாராளம். பார்த்தீர்களா, ஒரு சேலையை முழுசாக அழிக்க வேண்டிய அவசியமே இல்லை!

சேலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நைந்த இடம் சல்லடையாகத் தெரியும். அதை மேல்துணிக்கு எடுக்காதீர்கள். உள்ளே அடுக்க வைத்துக்கொள்ளுங்கள். மெலிந்தது உள்ளே, உறுதியானது மேலே. மஞ்சள் போதவில்லை என்றால் தளவாய்புரம், முகவூர்ப் பக்கம் நைட்டி தைக்கும் இடங்களில் வெட்டுத்துணி கேட்டுப் பாருங்கள். ஒரு இழையை உருவி, அகல் விளக்கில் காட்டுங்கள். காகிதம் எரிந்த வாடையும் சாம்பலும் வந்தால் பருத்தி. உருகி உருண்டையாகச் சுருண்டால் செயற்கை இழை, அது வேண்டாம். சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி மலிவாகக் கிடைத்தாலும் நெசவு இளக்கம். மேல்துணிக்குத் தாங்காது.

ஈரமான வெள்ளைத் துணியால் ஒவ்வொரு துணியையும் அழுத்தித் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். அதை நம்பி இறங்காதீர்கள். ஒட்டுகிற துணியை ஒதுக்கிவிடுங்கள். புதுத் துணி சேர்த்தால் ஒரு முறை நனைத்து உலர்த்தி, சுருங்குவது சுருங்கிய பிறகு வெட்டுங்கள்.

செய்முறை

1. பழஞ்சேலை தொளதொளவென்று இருக்கும், கத்தரிக்கோலுக்கு அடங்காது. சோறு வடித்த கஞ்சியில் முக்கி, காயவைத்து, இஸ்திரி போட்டுவிட்டு வெட்டுங்கள். அட்டையில் அளவு வெட்டி வைத்துக்கொண்டால் எல்லாச் சதுரமும் ஒன்றுபோல வரும்.

2. ஒரு மஞ்சள், ஒரு கருஞ்சதுரம், இரண்டும் 4 அங்குலம். நல்ல பக்கம் உள்ளே பார்க்க ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தையுங்கள். பிறகு கோட்டின் மேல் வெட்டினால், பாதி மஞ்சள் பாதி கருப்பாக இரண்டு சதுரம் கிடைக்கும். இப்படி எட்டு வேண்டும். முதலிலேயே முக்கோணமாக வெட்டிவிட்டுத் தைத்தால் குறுக்கு வெட்டு இழுபட்டுக் கோணிக்கொள்ளும். அதனால்தான் இந்த வழி.

3. இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல், வைத்து வைத்து எடுங்கள். எட்டையும் 3½ அங்குலத்துக்குச் சமமாக நறுக்குங்கள்.

4. வெள்ளைச் சதுரத்தை நடுவில் வையுங்கள். அதன் ஒவ்வொரு பக்கத்துக்கும் இந்த இருநிறச் சதுரம் இரண்டு. மஞ்சள் வெள்ளையைத் தொட வேண்டும். இரண்டு மஞ்சள் நுனிகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி வெளியே நீள வேண்டும். நடுவில் கருப்பு ஒரு பெரிய முக்கோணமாகத் தெரிந்தால் சரி. நான்கு மூலையிலும் 3½ அங்குலக் கருஞ்சதுரம்.

5. தரையில் பரப்பி, கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டுத் தையுங்கள். மேல் வரிசை, நடு வரிசை, கீழ் வரிசை என்று மூன்றாகத் தைத்து, மூன்றையும் சேர்க்க வேண்டும். எல்லாத் தையலும் ஓரத்திலிருந்து கால் அங்குலம். மிஷின் இல்லையா? கையால் நெருக்கமாக ஓட்டத் தையல் போட்டு, நாலு தையலுக்கு ஒரு முறை பின்னோக்கி ஒரு தையல் போடுங்கள்.

6. பன்னிரண்டும் சேர்ந்து கரையும் வைத்தபின், அடியில் ஒரு சேலைத் துண்டு, நடுவில் நைந்த சேலை இரண்டு மடிப்பு, மேலே உங்கள் பூக்கள் என்று அடுக்குங்கள். இலவம் பஞ்சு வைக்காதீர்கள். துவைத்தால் கட்டி தட்டிப்போகும். சுருக்கம் இல்லாமல் இழுத்து, நீளநீளமாகத் தற்காலிகத் தையல் போட்டு நிறுத்துங்கள். குண்டூசி குத்தினால் எண்ணிக் குத்தி, எண்ணி எடுங்கள். குழந்தை தவழப்போகிற துணி!

7. இனிதான் கோலம். ஒவ்வொரு வெள்ளைச் சதுரத்திலும் ஒன்றரை அங்குல இடைவெளியில் ஒன்று, மூன்று, ஒன்று என ஐந்து புள்ளி வையுங்கள். புள்ளிகளைச் சுற்றி ஒரே இழையில் ஓடி, தொடங்கின இடத்திலேயே முடியும் சிக்குக் கோலம் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தக் கோட்டின் மேல், எல்லா மடிப்பும் சேர ஓட்டத் தையல் போடுங்கள். அழகுக்கு அழகும் ஆச்சு, உள்ளே இருக்கிற துணி நகராமல் பிடிப்பும் ஆச்சு. மஞ்சள் இதழ்களின் ஓரமாகவும் ஒரு சுற்று ஓட்டுங்கள். எங்கே கை வைத்தாலும் நாலு விரற்கடைக்குள் ஒரு தையல் இருக்க வேண்டும். கடைசியில் ஓரத்தை மடித்துத் தைத்துவிடுங்கள்.

அந்தக் கோலப் புள்ளியை மட்டும் நாத்தனாரை வைக்கச் சொல்லுங்களேன். அம்மாவின் கைக்கோலம் எந்தப் பக்கம் வளையும், எங்கே குறுகும் என்று மகளுக்குத்தான் தெரியும்.

துவைப்பதும் வைப்பதும்

மிதமான சோப்பில் கசக்காமல் அலசுங்கள். இரண்டே மடிப்பு உள்ளே வைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இதற்குமேல் கனத்தால் மலையடிவார ஈரத்தில் ஒரு நாளில் உலராது. ஐப்பசி, கார்த்திகையில் அய்யனார் கோவில் ஆற்றில் வெள்ளம் வந்து, வனத்துறையினர் ஆட்களைப் போகவிடாமல் நிறுத்துகிற நாட்கள் உண்டல்லவா? அப்படிப்பட்ட நாளில் இதைத் துவைக்கவே வேண்டாம். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். பெட்டியில் வைக்கும்போது நன்றாக உலர்ந்ததா என்று பார்த்து, ஒரு வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை வெயில் காட்டினால் பூச்சி அண்டாது.

இரண்டு நாளைக்கு ஒரு கட்டம் என்று வைத்துக்கொண்டால், பிள்ளை தூங்குகிற நேரத்திலேயே தைத்து இருபத்துநாலு நாளில் பன்னிரண்டும் முடிந்துவிடும். மார்கழி முதல் தேதி ஆரம்பித்தால், பொங்கலுக்குள் அடுக்கித் தைக்கவும் நாள் இருக்கும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் ஒரே ஒரு கட்டம் தைத்து, பின்னால் ஒரு துணி கொடுத்துத் தலையணை உறையாக்கிக் கொள்ளுங்கள்.

தைத்து முடித்தவர்கள் எந்த நிறம் சேர்த்தீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த இதழில், மிச்சம் விழுந்த துண்டுகளில் சமையலறைக்குக் கைப்பிடித்துணி தைப்பது பற்றிப் பார்க்கலாம். அதுவரை ஒரு துண்டையும் எறிந்துவிடாதீர்கள்!