விஞ்ஞான விந்தை: கையேட்டில் இல்லாத கட்டளைகள்

கொட்டாஞ்சேனையிலிருந்து உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். தம் தந்தையார் இளமையில் விளையாடிய பழைய 'டிவி கேம்' பெட்டிக்குத் தாமே ஒரு விளையாட்டை எழுதி வருகிறாராம். கையேட்டில் காணப்படாத இரண்டு கட்டளைகளை வெள்ளவத்தை நண்பர் கற்பித்தாராம். ஒன்று செவ்வனே நடக்கிறது. மற்றது தம் பெட்டியில் ஒரு விடையும் நண்பரின் பெட்டியில் வேறொரு விடையும் தருகிறது. இவை தயாரித்தவர்கள் ஒளித்து வைத்த இரகசியங்களா என்பது அவர் வினா.

ஒளித்து வைத்தார் எவருமிலர். அப்பெட்டி 1983இல் ஜப்பானில் வெளிவந்த ஃபமிகொமின் வழிவந்தது. ஃபமிகொமின் உள்ளிருக்கும் முறைவழியாக்கி, அமெரிக்காவில் 1975இல் வெளியான 6502 என்னும் சில்லைத் தழுவியது. ஏனையோரின் சில்லுகள் நூறு டொலருக்கு மேல் விற்ற அக்காலத்தில் இதன் விலை 25 டொலர். மலிவாக்க வேண்டின் சில்லைச் சிறிதாக்க வேண்டும். சிறிதாக்க வேண்டின் கம்பிகளைக் குறைக்க வேண்டும். விந்தையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

கட்டளை ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண். இந்த 256 எண்களுள் 151க்கே கையேடு பொருள் கூறுகிறது. மிகுதி 105ஐயும் தடுத்து நிறுத்தத் தனிக் கம்பிகள் வேண்டும். அந்தச் செலவை எவரும் செய்யவில்லை.

165 என்பது, நினைவகத்திலுள்ள ஓர் எண்ணை 'ஏ' என்ற பதிவகத்தில் இடும் கட்டளை. 166 அதனையே 'எக்ஸ்' பதிவகத்தில் இடும். இரும எண்ணில் எழுதிப் பார்த்தால் முன்னது 10100101, பின்னது 10100110. கடைசி இரண்டு இலக்கங்களில்தான் வேறுபாடு. இனி 167ஐ எழுதுங்கள்: 10100111. 'ஏ'யை எழுப்பும் இலக்கமும் இருக்கிறது, 'எக்ஸை' எழுப்பும் இலக்கமும் இருக்கிறது. இரு வாயில்களும் ஒருங்கே திறக்க, எண் இரண்டிலும் போய் அமர்கிறது! கையேட்டு வழியில் இதற்கு 5 துடிப்புகளேனும் வேண்டும். இங்கு 3 போதும். இரண்டு துடிப்பு என்ன பெரிது என்று கேட்கலாம். திரையில் ஒரு கோடு வரையப்படும் பொழுதில் ஃபமிகொம் சில்லுக்குக் கிடைப்பன ஏறத்தாழ 113 துடிப்புகளே. 1991இல் வந்த 'சூப்பர் கார்ஸ்' விளையாட்டு இவ்வினத்துக் கட்டளை ஒன்றைக் கையாண்டிருக்கிறது.

மாணவரின் இரண்டாவது கட்டளை 139. இங்கே 'ஏ'யிலுள்ளதும் 'எக்ஸில்' உள்ளதும் ஒரே பாதையில் வந்து மோதுகின்றன. எது வெல்லும் என்பது சில்லுக்குச் சில்லு மாறும், சூட்டினாலும் மாறும். கொழும்பின் மதிய வெயிலில் பெறும் விடை இரவிலும் வரும் என்பதற்கு உறுதி இல்லை. இன்னும் 12 எண்கள் உள. அவற்றுள் ஒன்று தவறி வந்துவிட்டால் சில்லு அப்படியே உறைந்துவிடும். மீட்டமைப்புப் பொத்தானை அழுத்துவதொன்றே வழி.

பின்னாளில் 6502இன் திருந்திய வடிவமாகிய 65சி02 வந்தபோது, அதில் பொருளற்று எஞ்சிய எண்கள் ஒன்றும் செய்யாத கட்டளைகளாக்கப்பட்டன. ஒழுங்கான காரியமே; ஆயினும் 167ஐ நம்பி எழுதிய செய்நிரல் அங்கே ஓடாது. பழைய பெட்டியின் நடத்தையை இன்றைய கணினியில் நடித்துக் காட்டும் செய்நிரல்களை இயற்றுவோருக்கும் இதுவே தலைவலி. கையேட்டிலுள்ள 151ஐ மட்டும் நடிக்கச் செய்தால் 'சூப்பர் கார்ஸ்' ஓட மறுக்கும். ஆகவே பழைய சில்லின் குறைகளையும் அவர்கள் பொறுமையாகப் பிரதி செய்ய வேண்டியதாகிறது.

மாணவருக்கு நாம் சொல்வது: 139ஐ இன்றே நீக்கிவிடுங்கள். 167 இருக்கட்டும், ஆனால் அதன் அருகே இஃது இன்னதென்று ஒரு வரி குறித்து வையுங்கள். பின்னர் வெள்ளவத்தைக்குக் கொண்டுசென்று நண்பரின் பெட்டியிலும் ஓட்டிப் பார்த்து, முடிவை நமக்கு எழுதுங்கள்.