பிடரி பின்னும் வேலை



கூத்தாநல்லூரில் அண்மையில் ஒரு சம்பந்தப் பேச்சு தட்டிப்போயிற்று. பிள்ளை நல்லவர், தொழுகையாளி, வளைகுடா நாடொன்றில் கௌரவமாகச் சம்பாதிக்கிறவர். எல்லாம் பொருந்தி வந்த வேளையில், பிள்ளைக்கு அங்கே என்ன உத்தியோகம் என்று பெண்ணின் பாட்டனார் வினவினார். குதிரை லாயத்தில் வேலை, போட்டிக் களத்திற்குச் செல்லும் குதிரைகளுக்குப் பிடரி மயிர் பின்னிவிடுவதில் கைதேர்ந்தவர் என்று விடை வந்தது. "குதிரைக்குச் சடை பின்னுகிறவனுக்கா நம் பிள்ளையைக் கொடுப்பது?" என்று பெரியவர் எழுந்துவிட்டார். அவருடைய வீட்டு வாசற்பலகையில் பெயருக்குப் பின்னே 'இராவுத்தர்' என்று பொறித்திருக்கிறது. அச்சொல்லுக்குக் குதிரை வீரர் என்பது பொருள்.

இது போதாதென்று, பேச்சைக் கேள்வியுற்ற அன்பர் ஒருவர் மார்க்க விளக்கமும் கேட்டிருக்கிறார். அல்லாஹ்வின் படைப்பில் இவ்வாறு கை வைக்கலாமா? செல்வர்களின் ஆடம்பரத்துக்குத் துணைபோகும் ஊதியம் ஆகுமானதா? இவை கேட்கத்தக்க கேள்விகளே.

முதலில் அவ்வேலை இன்னதென்று அறிந்துகொள்வோம். குதிரையின் பிடரி மயிரைக் கழுத்தின் வலப்பக்கம் விழுமாறு சீவிப் பழக்குவது வழக்கம். போட்டிக்குச் சில நாட்கள் முன்னரே, நீண்ட இழைகளைச் சிறிது சிறிதாகக் களைந்து அரைச் சாண் அளவுக்குச் சீர்செய்வர். போட்டியன்று மயிரை ஈரப்படுத்தி, காதுகளின் பின்னிருந்து தொடங்கி, சீப்பின் அகலத்தை அளவாகக் கொண்டு சம பங்குகளாகப் பிரிப்பர். ஒவ்வொரு பங்கையும் மூன்று புரியாக்கிப் பின்னி, நடுவில் குதிரையின் நிறத்துக்கு இசைந்த நூலையும் சேர்த்து, நுனியில் முடிவர். பிறகு ஊசியால் மேலே மடித்துத் தைத்தால், கழுத்தின் மேல் விளிம்பில் சிறுசிறு மொட்டுகள் வரிசையாய் நிற்கும். ஆங்கிலேயர் மரபில் கழுத்தில் ஒற்றைப்படையாகவும், நெற்றி மயிரில் ஒன்றாகவும் பின்னல் அமையும். குட்டைக் கழுத்துக்கு எண்ணிக்கையைக் கூட்டினால் அது நீண்டு தோன்றும். மெலிந்த கழுத்துக்குப் பின்னலைச் சற்று உயர்த்தி வைத்தால் திரண்டு தோன்றும். பள்ளிக்கூடம் போகும் மகளுக்குக் காலையில் தலைபின்னி அனுப்பும் தாய்மார்களுக்கு இதில் பாதி வித்தை தெரிந்ததே. ஆனால், அந்த மகள் அரை டன் எடையில் நின்று தலையைச் சிலுப்புவதில்லை!

இவ்வழக்கம் அழகுக்காக மட்டும் தோன்றியதன்று. விரையும் குதிரையின் மயிர் கடிவாள வாரிலும் வீரனின் கையிலும் சிக்கும். அதைத் தடுக்கவே கட்டினர். போலோ ஆட்டத்தில் இதே காரணத்துக்காகப் பிடரியை ஒட்ட மழித்துவிடுகிறார்கள். சங்கப் புலவர்களிடம் 'கொய்சுவல்' என்றொரு சொல் உண்டு. கொய்யப்பட்ட பிடரி என்று பொருள். ஆக, கத்தரிப்பதும் இம்மண்ணுக்குப் பழக்கமானதே. அரபுக் குதிரையின் நிலையோ வேறு. இன அழகுப் போட்டிகளில் அதன் பிடரியைப் பின்னாமல், இயற்கையாக விரித்தே காட்டுகிறார்கள். பயிற்சித் திறன் காட்டும் சவாரிப் போட்டிகளிலேதான் அதற்கும் பின்னல். அதுவும் நீள்மயிரைக் குறைக்காமல், கழுத்தோரமாக ஒரே சடையாக ஓடவிடும் பின்னல்.

இனி மார்க்கத்திற்கு வருவோம். குதிரைகளின் நெற்றி மயிரிலே மறுமை நாள்வரை நன்மை பிணைக்கப்பட்டுள்ளது எனும் நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது; நம்மில் பலர் கேட்டதுதான். ஆனால், ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் அதை அறிவிக்கும் விதத்தை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு குதிரையின் நெற்றி மயிரைத் தம் விரலால் முறுக்கிக்கொண்டே இதை மொழியக் கண்டதாக அவர் கூறுகிறார். இது ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. குதிரையின் மயிரில் விரல் வைப்பது இழிவு என்போர் இந்த அறிவிப்பை ஒருமுறை நிதானமாக ஓதிப் பார்க்கட்டும். தம் மேலாடையாலேயே குதிரையின் முகத்தைத் துடைத்தார்கள் என்ற செய்தி இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் உள்ளது.

அபூதாவூதில் உத்பா இப்னு அப்து (ரலி) வாயிலாக மற்றோர் அறிவிப்பு வருகிறது. நெற்றி மயிரையும் பிடரியையும் வாலையும் வெட்ட வேண்டாமென்று அது தடுக்கிறது. வால் ஈயோட்டும் விசிறி, பிடரி குளிர் காக்கும் போர்வை என்று காரணமும் சொல்கிறது. அதன் அறிவிப்பாளர் வரிசையில் பெயர் கூறப்படாத ஒருவர் இருப்பதால் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், அது சொல்லும் காரணம் கண்கூடான உண்மை. மழிப்பதற்கும் பின்னுவதற்கும் இடையே உள்ள தூரத்தையும் அதிலிருந்தே அளந்துகொள்ளலாம். பின்னல் எதையும் அகற்றுவதில்லை. அவிழ்த்தால் படைப்பு படைப்பாகவே இருக்கிறது. முன்னதாக இழைகளைக் களைவதில் மட்டும் பேணுதல் வேண்டும். வேரோடு பிடுங்குவதால் நோவு உண்டாகுமென்றால், நுனியைச் சீர்செய்வதோடு நிறுத்திக்கொள்வதே நன்று. அல்லது நீள்மயிரை அப்படியே ஒரே சடையாக்கலாம்.

ஆடம்பரம் பற்றிய வினா இதைவிடக் கடினமானது. அந்நஹ்ல் அத்தியாயத்தின் 8ஆம் வசனம் குதிரையை ஏறிச் செல்வதற்கு உரியதென்று சொல்வதோடு, அலங்காரம் என்றும் சொல்கிறது. நாயகம் (ஸல்) அவர்களே குதிரைப் பந்தயம் நடத்தியதும், அதில் இப்னு உமர் (ரலி) அவர்கள் ஓட்டியதும் புகாரியில் பதிவாகியுள்ளன. அதே நூலில்தான் குதிரை வைத்திருப்போரை மூவகையாகப் பிரிக்கும் நபிமொழியும் உள்ளது. ஒருவருக்கு அது நற்கூலி, ஒருவருக்குத் திரை. பெருமைக்காகவும் பகட்டுக்காகவும் வளர்ப்பவருக்கோ பாவச்சுமை. சுமை குதிரைக்காரரின் நெஞ்சைப் பொறுத்தது. சூதாட்டப் பணம் புழங்கும் இடத்தில் ஊழியம் செய்வோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அழகுப் பயிற்சிக் களத்துப் பின்னலை அதனோடு ஒன்றாகச் சேர்க்க என் மனம் ஒப்பவில்லை.

நம் முன்னோர் குதிரையால் வாழ்ந்த காலத்தில் இப்படிப்பட்ட கைகளுக்கு எவ்வளவு பஞ்சம் இருந்தது தெரியுமா? பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதியுள்ளார். ஹுர்முஸ், கைஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகள் காயல் துறைக்கு வந்தன. மன்னர் ஆண்டுக்கு 2,000க்கும் மேல் வாங்கினார். அவருடைய சகோதரர்களும் அவ்வாறே வாங்கினர். ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லையாம்! பேணத் தெரிந்த ஆள் இல்லை. குதிரை வைத்தியரை வணிகர்கள் வரவிடவுமில்லை. செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்பனை நடக்கும்! அக்கடல் வணிகத்தில் அரபு முஸ்லிம்கள் பெரும்பங்கு வகித்தனர் என்று நாம் மேடைதோறும் பெருமை பேசுகிறோம். இந்தப் பக்கத்தை மட்டும் விட்டுவிடுகிறோம்.

பேணும் அறிவு இந்நாட்டில் அறவே இல்லாமலுமில்லை. நகுலர் பெயரால் வழங்கும் அசுவ சாத்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1952இல் அச்சிட்டது. ஆனால் இன்றும் அந்தியூர் ஆடிச் சந்தையில் குதிரை பிடிக்க வருவோர் பலர் முதலில் தேடுவது சுழியைத்தான். இன்ன இடத்துச் சுழி இருந்தால் குடும்பம் விளங்காது என்பார்கள். குளம்பையும் பல்லையும் மூச்சையும் பார்ப்பது அப்புறம். சகுனத்தை நம்பும் இந்தப் பழக்கம் நம்மவரிடமும் ஒட்டிக்கொண்டிருப்பது வருந்தத்தக்கது.

போட்டிக் களத்திலும் கண்டிக்கத்தக்கவை உண்டு. வால் அடர்ந்து தோன்றப் பொய்ம்மயிர் சேர்த்துக் கட்டுகிறார்கள். விலைபேசும் இடத்தில் அது ஏமாற்று. ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற நபிமொழி அதற்கும் பொருந்தும். முகம் மழமழப்பாகத் தோன்ற வேண்டுமென்று மூக்கையும் கண்ணையும் சுற்றியுள்ள உணர்மயிர்களை மழிப்பதும் நெடுநாள் வழக்கமாயிருந்தது. தன் மூக்கின் கீழே நேராக இருப்பது குதிரையின் கண்ணுக்குத் தெரியாது. அந்த மயிர்களால்தான் தீனியையும் தடையையும் அது தொட்டறிகிறது. உலகக் குதிரையேற்றச் சம்மேளனம் 2021 ஜூலை 1 முதல் அவற்றை மழித்த குதிரைகளைத் தன் போட்டிகளில் அனுமதிப்பதில்லை. ஒரு லாய ஊழியன் தன் முதலாளியிடம் துணிந்து எடுத்துச் சொல்லத்தக்க செய்தி இது.

பின்னலிலும் அளவு உண்டு. இறுக்கிப் பின்னினால் கழுத்தைத் தாழ்த்தும்போதெல்லாம் தோல் இழுபடும்; குதிரை சுவரில் உராய்ந்து மயிரை முறித்துக்கொள்ளும். ஆகவே, பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், களத்திலிருந்து திரும்பிய அன்றே நூலை மட்டும் பார்த்து அறுத்து, ஒவ்வொரு பின்னலாக அவிழ்த்து, ஈரத்துணியால் தடவிக் கோணல் நீக்கிய பிறகே லாயத்தில் விடுகிறார்கள்.