மழைக்கு மரத்தடியில் ஒதுங்காதீர்! மின்னல் உயிரைக் குடிக்கும்!

(நமது நிருபர்)

மழை வந்தால் சென்னைவாசிக்கு முதல் கவலை, சட்டை நனையக்கூடாது. அடுத்த கவலை, பஸ் வருமா வராதா. மூன்றாவது, வீட்டுக்குள் தண்ணீர் புகுமா. மின்னலைப் பற்றி மட்டும் யாருக்கும் கவலை கிடையாது. "நம்ம தலையிலா வந்து விழப்போகுது?" என்று ஒரு அசட்டுத் தைரியம்!

ஆனால் சாவுக் கணக்கைப் பார்த்தால் பகீர் என்கிறது. 2022-ல் மட்டும் இந்தியாவில் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்ட புள்ளிவிவரம் இது. அதாவது நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 8 பேர்! வெள்ளம், வெயில், குளிர் என்று இயற்கையின் சீற்றத்துக்கு அந்த ஆண்டு மொத்தம் 8,060 பேர் பலியானார்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மின்னலுடைய பங்கு. 2021-ல் 2,880 பேர். 2020-ல் 2,862 பேர். ஏதோ மாமூல் வசூலிப்பதுபோல வருஷா வருஷம் இத்தனை உயிர்.

புயல் என்றால் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறார்கள். வெள்ளம் என்றால் படகு வருகிறது. மின்னலோ ஒருத்தர், இரண்டு பேராகக் கொண்டுபோகிறது. பத்திரிகையில் மூலையில் நாலு வரி. அதோடு சரி.

ஒரே மின்னல், 4 பெண்கள்

2025 அக்டோபர் 16-ந்தேதி கடலூர் மாவட்டம் வேப்பூர் அருகே கழுதூரில், மக்காச்சோள வயலில் வேலை செய்த 4 பெண்கள் ஒரே மின்னலில் பரிதாபமாக இறந்தார்கள். 2021 ஜூலை 11-ந்தேதி ஜெய்ப்பூர் ஆமேர் கோட்டை அருகே, உயரமான காவல் கோபுரத்தில் ஏறி மழையை ரசித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களில் 11 பேர் பலி. 2020 ஜூன் 25-ந்தேதி பீகாரில் ஒரே நாளில் 80 பேருக்கு மேல் சாவு. அதில் பெரும்பாலோர் வயல்காட்டில் இருந்தவர்கள்.

மூன்று சம்பவத்திலும் ஒரே ஒற்றுமை. ஒன்று வெட்டவெளி, இல்லையென்றால் உயரம்.

மரத்தடியா, மரணத்தடியா?

மின்னல் நேராகத் தலையில் இறங்கிச் சாகிறவர்கள் நூற்றுக்கு 3 முதல் 5 பேர்தான் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். அப்படியானால் மீதிப் பேர்?

மரத்தில் இறங்கும் மின்னல் மரத்தோடு நிற்பதில்லை. பக்கத்தில் நிற்கிற ஆள் மேல் தாவுகிறது. பிறகு தரையில் நாலாபக்கமும் பாய்கிறது. ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்குகிறது. சாகிறவர்களில் சுமார் பாதிப் பேர் இந்தத் தரை மின்சாரத்துக்குத்தான் பலி. ஒரு மரத்தடியில் பல மாடுகள் ஒன்றாகச் செத்துக் கிடப்பதன் மர்மமும் இதுதான். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம். கரண்ட் ஏறி, நெஞ்சைக் கடந்து இறங்குகிறது.

நனையாத இடம் வேறு, பிழைக்கிற இடம் வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் பல உயிர் போகிறது.

எது பத்திரம்?

ஆபீஸ் விடும் நேரமும் சென்னையில் இடிமழை கொட்டும் நேரமும் பல நாள் ஒன்றாகவே அமைந்துவிடுகிறது. பஸ் ஸ்டாப் நிழற்குடையில் முண்டியடிக்கிறோம். டீக்கடைத் தகரத்தின் கீழே ஒண்டுகிறோம். மூன்று பக்கம் திறந்து கிடக்கும் இந்த இடங்கள் மழையைத் தடுக்கும், மின்னலைத் தடுக்காது.

நாலு சுவரும் கூரையும் உள்ள கட்டிடம் பத்திரம். கடையோ, ஆபீசோ, ரெயில் நிலையக் கட்டிடமோ, உள்ளே போய்விடுங்கள். கதவு, ஜன்னலை மூடிய பஸ், கார், ரெயில் பத்திரம். இதற்குக் காரணம் ரப்பர் டயர் இல்லை. சுற்றியிருக்கும் இரும்புக் கூடுதான் மின்னலை வெளியோடு வெளியாகத் தரைக்கு அனுப்பிவிடுகிறது. டயர்தான் காப்பாற்றும் என்றால் ஸ்கூட்டரில் போகிறவனுக்கு ஏது ஆபத்து? ரப்பர் செருப்புக் கதையும் இதே ரகம்தான். துணிக்கூரை ஆட்டோவும் காப்பாற்றாது.

மெரினா மணலில் நிற்பவர், மைதானத்தில் கிரிக்கெட் ஆடுபவர், மொட்டைமாடியில் துணி எடுக்க ஓடும் அம்மா, எல்லோரும் இடிச் சத்தம் கேட்டவுடன் உள்ளே போவது நல்லது. துணி நனைந்தால் காய வைக்கலாம்.

வீட்டுக்குள்ளும் குழாயடி, ஜன்னல் கம்பி, பிளக்கில் சொருகிய சாமான் பக்கம் போகவேண்டாம். செல்போன் மின்னலை இழுக்கும் என்பது புரளி. சார்ஜர் வயரோடு மாட்டிப் பேசினால்தான் ஆபத்து.

ஒதுங்க இடமே இல்லாத வெட்டவெளியில் மாட்டிக்கொண்டால்? மரம், மேடு, தண்ணீர், கம்பிவேலி, எல்லாவற்றையும் விட்டு விலகுங்கள். கூட்டமாக நிற்காமல் பிரிந்து நில்லுங்கள். காலிரண்டையும் சேர்த்து வைத்துக் குந்துங்கள். தரையில் படுக்கவே கூடாது. இதுவும் முழுப் பாதுகாப்பு ஆகாது. கட்டிடம் கண்ணில் பட்டால் அங்கே போய்விடவேண்டும்.

"அர்ஜுனா, அர்ஜுனா!"

இடி இடித்தால் "அர்ஜுனா, அர்ஜுனா!" என்று சொல்லச் சொல்வாள் பாட்டி. சொல்லிக்கொண்டே எண்ணவும் செய்யலாம்! மின்னல் வெட்டியதிலிருந்து சத்தம் வர 3 வினாடி ஆனால் அது சுமார் 1 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. 30 வினாடிக்குள் சத்தம் வந்தால் 10 கிலோமீட்டருக்குள். அடுத்த மின்னல் நம் பக்கத்திலேயே இறங்கலாம். கடைசி இடி கேட்ட பிறகு அரை மணி நேரம் கழித்து வெளியே வாருங்கள். மழை நின்றதும் கிளம்பி மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு.

மின்னல் பட்டு விழுந்தவரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்பது தவறு. அவர் உடம்பில் கரண்ட் தங்குவதில்லை. தயங்காமல் தொடலாம். 108-ஐ கூப்பிடுங்கள். மூச்சு நின்றிருந்தால் நெஞ்சின் நடுவே இரண்டு கையாலும் வேகமாக அழுத்திக்கொண்டே இருங்கள். நின்ற இதயம் மறுபடி துடிக்க வாய்ப்பு உண்டு.

அரை மணி நேரக் கூலி

எச்சரிக்கைக்கும் வசதி இல்லாமல் இல்லை. புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய 'தாமினி' என்ற செயலி, மின்னல் நெருங்குவதை முன்கூட்டியே செல்போனில் சொல்கிறது. ஆபீஸ் குமாஸ்தா அதைப் பார்த்துவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்துகொள்ளலாம். நாற்று நடுகிற பெண்ணின் போன் வரப்பில் சாப்பாட்டுத் தூக்கோடு கிடக்கும். பார்த்தாலும், மேஸ்திரி விடாமல் அவள் கரையேற முடியுமா? பிளாட்பாரத்தில் பழம் விற்கிறவர் வண்டியை விட்டுவிட்டு எங்கே ஓடுவார்?

2022 முதல் 2026 வரைக்கு மத்திய அரசு போட்ட பேரிடர் நிவாரண விதியில் 12 பேரிடர்களுக்கு இடம் இருந்தது. பூச்சித் தாக்குதல்கூட இருந்தது. மின்னல் இல்லை. மாநிலங்கள் விரும்பினால் தங்கள் பேரிடர் நிதியில் 10 சதவீதத்துக்குள் எடுத்துக் கொடுக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். கழுதூரில் இறந்த பெண்களின் குடும்பங்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. நல்ல காரியம்தான். போன உயிர் அதனால் திரும்புமா?

இடிச் சத்தம் கேட்டதும் வேலையை நிறுத்து, அரை மணி நேரம் கழித்து வா, கூலியில் பிடித்தம் கிடையாது! வயலிலும், கட்டிட வேலையிலும், ஏரி வேலையிலும் இந்த ஒரு உத்தரவு போதும். பெரிய செலவு ஒன்றும் இல்லை. செத்தபிறகு லட்சம் கொடுப்பதைவிட, உயிரோடு இருக்கும்போது அரை மணி நேரக் கூலி கொடுப்பது மலிவு.