கேக்குல இருந்தா செர்ரி, வேலியில நின்னா வெறும் முள்ளா?



போன மாசம் எங்க வாழைத் தோட்டத்துக்கு மேற்கே பிளாட் வாங்கின பட்டணத்துக்காரர் ஒருத்தர் ஜேசிபியைக் கொண்டு வந்து இடத்தைச் சுத்தம் பண்ணினார். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. எங்கய்யா வச்ச களா வேலி, நாப்பது வருசமா நின்னது, அரை மணி நேரத்துல வேரோட போச்சு.

"வெறும் முள்ளுதானேங்க, நானே கம்பி வேலி போட்டுத் தர்றேன்"னு சொல்லிட்டு, சமாதானத்துக்கு ஒரு கேக்குத் துண்டை நீட்டினார். அதுமேல செவப்பா ஒரு செர்ரி.

நம்ம ஊர் பேக்கரியில செர்ரின்னு வைக்கிறது பெரும்பாலும் என்னன்னு தெரியுமா? களாக்காய்தான்! கொட்டையை எடுத்து, உப்புத்தண்ணியில ஊறப்போட்டு, சாயமும் சீனிப்பாகும் ஏத்தினது. நெசமான செர்ரி காஷ்மீர், இமாச்சல் மாதிரி குளிர் பூமியில விளையுது. பேரை மாத்திச் சாயம் பூசினா காசு குடுத்துத் திங்கீங்க. சொந்தப் பேரோட வேலியில நின்னா அது குப்பையா?

பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்களே, களங்காய்க் கண்ணி நார்முடிச் சேரல்னு. ஒரு ராசா பேருலயே இருக்கிற காய் இது.

கம்பி வேலியைப் பத்தியும் சொல்லுதேன். முத்தையாபுரத்துல உப்பளக் காத்து. இந்தக் காத்துக்குக் கம்பி சீக்கிரமே துருப்பிடிச்சு இத்துப்போகும். களா அப்படியில்ல. உப்பையும் தாங்கும், வறட்சியையும் தாங்கும். ஸ்ரீவைகுண்டம் வடகால்ல தண்ணி வராத வருசமும் பச்சையா நிக்கும். முள்ளுக்கும் பாலுக்கும் பயந்து ஆடு மாடு அண்டாது. காயில ஊறுகா போடலாம், கறுத்த பழத்தை அப்படியே திங்கலாம். குருவி வந்து கூடு கட்டும். கம்பியில என்ன காய்க்கும்?

பட்டணத்துல இருந்து நிலம் வாங்க வாரவங்களுக்கு ஒண்ணு சொல்லுதேன். ஜேசிபிக்குச் சொல்லி விடுறதுக்கு முன்னால, வேலியில நிக்கிறது என்ன செடின்னு பக்கத்துத் தோட்டக்காரன்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. உங்க பிளாட்டைச் சுத்தியும் மூணடிக்கு ஒண்ணா களா வையுங்க. பழத்துல இருந்து எடுத்த விதையை உடனே போடணும், காயவச்சா முளைப்பு போயிரும். ஐப்பசி மழைக்குக் கன்னை நட்டா பிடிச்சுக்கிடும்.

அவர் போடுறேன்னு சொன்ன கம்பியை வேண்டாம்னுட்டேன். அறுபது கன்னு ஊணியிருக்கேன். எங்கய்யா வச்ச வேலி திரும்பி வராது. என் பேரன் திங்க பழம் வரும்.